விரலும் குரலும் சொல்றத அச்சுல எப்படிக் கொண்டு வர்றது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலீஷ் பேட்டி, ஆவணப்படம் இதுக்கெல்லாம் தமிழ் சப்டைட்டில் போடுறதுதான் என் பொழப்பு, அதனால நம்ம பத்திரிகைகள்ல வர்ற வெளிநாட்டுச் செய்திய ஒரு வரி விடாம படிப்பேன், அதுவும் அமெரிக்கா, பிரிட்டன் தலைவர்கள் பேசினத மேற்கோள் குறிக்குள்ள போட்டு மொழிபெயர்த்திருந்தா, அந்த வீடியோவத் தேடி எடுத்து ஒருதடவ கேட்டும் பார்த்துடுவேன். அப்படிப் பார்க்குறப்ப திரும்பத் திரும்ப கண்ணுல படுற ஒரு விஷயத்தப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். மொழிபெயர்ப்புல வார்த்தை சரியாத்தான் இருக்கும், இலக்கணம் சரியா இருக்கும், ஆனா பேசினவர் அந்த வார்த்தைய தன்னோட வார்த்தையா சொன்னாரா, அடுத்தவன் வார்த்தைய எடுத்துக் காட்டுனாரா, நம்பிச் சொன்னாரா இல்ல நம்பாம நக்கலா சொன்னாரா, அது மட்டும் காணாமப் போயிருக்கும். இங்கிலீஷ் பேசுறவங்க அத வார்த்தையில வைக்கிறதில்ல, விரல்ல வைக்கிறாங்க, குரல்ல வைக்கிறாங்க, முகத்துல வைக்கிறாங்க. நாம வார்த்தைய மட்டும் எடுத்துட்டு வந்துட்டு மிச்சத்த அங்கேயே விட்டுட்டு வந்துடுறோம்.

இது சின்ன விஷயம் இல்லைங்க. 2017 மார்ச் மாசம் நடந்தத எடுத்துக்குவோம். மார்ச் 4ஆம் தேதி காலையில ட்ரம்ப் வரிசையா நாலு ட்வீட் போட்டாரு, ஒபாமா தன்னோட ட்ரம்ப் டவர்ல ஒட்டுக்கேட்டாருன்னு குற்றச்சாட்டு. முதல் ரெண்டு ட்வீட்ல ஒட்டுக்கேக்குறதுக்கான அந்த வார்த்தைய ரெட்டை மேற்கோள் குறிக்குள்ள போட்டிருந்தாரு, அடுத்த ரெண்டுல குறியே இல்லாம என் ஃபோன ஒட்டுக்கேட்டாருன்னு நேரடியாவே எழுதியிருந்தாரு. ஆதாரம் எங்கன்னு ஊரே கேக்க ஆரம்பிச்சுது. மார்ச் 13ஆம் தேதி வெள்ளை மாளிகை செய்தித் தொடர்பாளர் ஷான் ஸ்பைசர் நிருபர்கள் முன்னாடி வந்து, ப்ரெசிடென்ட் அந்த வார்த்தைய மேற்கோள் குறிக்குள்ள போட்டிருக்காரு, அதனால அது ஃபோன ஒட்டுக்கேக்குறத மட்டும் குறிக்காது, பொதுவா கண்காணிப்பு, அது மாதிரி மத்த விஷயங்களையும் சேர்த்துதான்னு விளக்கம் குடுத்தாரு. குடுக்கும்போதே ரெண்டு கையையும் தூக்கி ரெண்டு ரெண்டு விரல மடக்கி மடக்கிக் காட்டினாரு. ஒரு நாட்டோட முன்னாள் ஜனாதிபதி மேல குத்தம் சொன்னாங்களா இல்லையாங்கிறது அந்த விரல் அசைவுல வந்து நின்னுச்சு. ஒரு வாரம் கழிச்சு மார்ச் 20ஆம் தேதி எஃப்பிஐ டைரக்டர் ஜேம்ஸ் கோமி நாடாளுமன்றக் கமிட்டி முன்னாடி, அந்த ட்வீட்டுகளுக்கு ஆதரவா எங்ககிட்ட எந்தத் தகவலும் இல்லைன்னு சொல்லிட்டாரு. இந்தக் கதைய தமிழ்ல சொல்றவர் அந்த விரல் அசைவ விட்டுட்டா ஸ்பைசர் என்ன வாதம் பண்ணாருன்னே வாசகருக்குப் புரியாது, வெறும் மழுப்பல்னு மட்டும்தான் தோணும். அது ஒரு குறிப்பிட்ட வகை மழுப்பல், எழுத்துல இருக்குற ஒரு குறிய விரலால படிச்சுக் காட்டி அதுக்கு இஷ்டத்துக்கு அர்த்தம் சொன்ன மழுப்பல், அதுதான் அங்க செய்தியே.

இந்த விரல் சைகைக்கு ஏர் கோட்ஸ்னு பேரு. தோள்பட்டை உயரத்துக்கு ரெண்டு கையையும் தூக்கி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து ரெண்டு தடவ மடக்குவாங்க, மேற்கோள் குறிய காத்துல வரையுற மாதிரி. அந்தப் பேரு பரவுனது 1980கள் கடைசியிலதான், 1989ல நியூயார்க்ல இருந்து வந்த ஸ்பை பத்திரிகை அப்போதைய இளைஞர்கள் எதச் சொன்னாலும் பாதி நக்கலாவே சொல்றாங்கன்னு ஒரு அட்டைப்படக் கட்டுரையே போட்டுச்சு, அந்தக் காலத்து அடையாளமாவே இந்தச் சைகை ஆகிடுச்சு. ஆனா சைகை அதவிட ரொம்பப் பழசு. 1927ல சயன்ஸ் பத்திரிகையில ஒருத்தர் எழுதியிருக்காரு, சில வருஷம் முன்னாடி தனக்குத் தெரிஞ்ச ஒரு புத்திசாலிப் பொண்ணு, தான் சொல்ற சாமர்த்தியமான பேச்சு சொந்தச் சரக்கு இல்லைன்னு தெரிவிக்க ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ரெண்டு ரெண்டு விரல நீட்டிக் காட்டும், பாக்குற எல்லாருக்கும் அது மேற்கோள் குறின்னு உடனே புரிஞ்சிடும்னு. அந்தப் பொண்ணு எதுக்குக் காட்டுச்சுன்னு பாருங்க, இது என் வார்த்தை இல்ல, இன்னொருத்தர் சொன்னதுன்னு நேர்மையா ஒத்துக்கத்தான். நக்கல் துளியும் கிடையாது. அறுபது வருஷத்துல அதே சைகை பெரும்பாலும் சந்தேகத்தக் காட்டுற சைகையா மாறிப்போச்சு. அவங்க அப்படிச் சொல்லிக்கிறாங்க, நான் ஒத்துக்கல, அப்படிங்கிற அர்த்தம்தான் இப்ப முன்னாடி நிக்குது.

எழுத்துல இதே வேலையப் பண்ற குறிகளுக்கு ஸ்கேர் கோட்ஸ்னு பேரு, 1956ல எலிசபெத் ஆன்ஸ்கோம்ங்கிற தத்துவப் பேராசிரியர் ஒரு கட்டுரையில எழுதின பேரு அது. எடுத்துக்காட்டுற குறியும் அதேதான், தள்ளி நிக்கிற குறியும் அதேதான், அதனாலதான் குழப்பமே வருது. ஒருத்தர் ரெண்டு விரல மடக்குனா, இது அவர் சொன்ன வார்த்தைங்கிறாரா, இல்ல இது வெறும் பேருக்குத்தான்ங்கிறாரா, ரெண்டுல எதுன்னு பேச்சோட போக்க வச்சுதான் முடிவு பண்ணணும், அதுக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு நிமிஷமாவது பார்க்கணும்.

2008 அக்டோபர் 15ஆம் தேதி, நியூயார்க் பக்கத்துல ஹாஃப்ஸ்ட்ரா யுனிவர்சிட்டியில ஜனாதிபதி தேர்தல்ல எதிரெதிரா நின்ன ஒபாமாவுக்கும் ஜான் மெக்கெய்னுக்கும் நடந்த மூணாவது விவாதத்துல கருக்கலைப்பு பத்தின பேச்சு வந்துச்சு. தாயோட உடல்நலத்துக்கு ஆபத்துன்னா விதிவிலக்கு வேணும்னு ஒபாமா சொன்னதுக்கு பதிலா மெக்கெய்ன், அந்த உடல்நலம்ங்கிற வார்த்தைய எதிர்த்தரப்பு எத வேணும்னாலும் குறிக்கிற அளவுக்கு இழுத்துடுச்சுன்னு சொன்னாரு. அவரோட வாதம் ஒரு சட்ட வாதம், அந்த வார்த்தையோட வரையறை ரொம்ப அகலமா இருக்குங்கிறது. அத எழுத்துல படிச்சா அப்படித்தான் தெரியும். ஆனா உடல்நலம்னு சொல்லும்போது அவர் விரல மடக்கிக் காட்டினாரு. டிவியில பார்த்துட்டு இருந்த எத்தனையோ பெண்களுக்கு அது எப்படிப் பட்டுச்சுன்னா, பிரசவத்துல சாகக் கிடக்குற பொம்பளையோட உடம்ப இவர் ஒரு சாக்குன்னு நெனக்கிறாரு அப்படின்னு. அதுக்கப்புறம் அந்த விவாதத்துல பேசுபொருளான விஷயங்கள்ல இந்த விரல் அசைவும் ஒண்ணு. வரையறையச் சந்தேகப்பட்டாரா, உடல்நலத்தையே சந்தேகப்பட்டாரான்னு இன்னிக்கும் ரெண்டு பக்கமும் வாதாடலாம், எனக்கு அவர் மனசுல முதலாவதுதான் இருந்திருக்கும்னு தோணுது, ஆனா விரலுக்கு அந்த நுணுக்கம் எல்லாம் தெரியாதே, அது வார்த்தைய மொத்தமாத்தான் புடிக்கும்.

விரல் இல்லாம வாயாலயே மேற்கோள் போடுற பழக்கமும் உண்டு, கோட் அன்கோட்னு சொல்றது. செயலாளருக்கு லெட்டர் வாசகத்த வாயால சொல்லும்போது, இங்க குறி திறக்குது, இங்க மூடுதுன்னு சொல்லுற வழக்கத்துல இருந்து வந்தது, செய்தி வாசிக்கிறவங்களும் பேச்சாளர்களும் அத எடுத்துக்கிட்டாங்க. பிபிசி ரேடியோ 4ல இந்தப் பேருலயே ஒரு நிகழ்ச்சி 1976ல ஆரம்பிச்சு நாப்பது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. முறையாச் சொன்னா மேற்கோளுக்கு முன்னாடி கோட், முடிஞ்சதும் அன்கோட். ஆனா இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல, ரெண்டையும் சேர்த்து முன்னாடியே சொல்லிட்டு வார்த்தைக்குள்ள போயிடுறாங்க, அப்ப மேற்கோள் எங்க முடியுதுன்னு காதுதான் கண்டுபிடிக்கணும். பெரும்பாலும் ஒரு வார்த்தை, இல்ல ரெண்டு வார்த்தைதான் மேற்கோளா இருக்கும், குரல் கொஞ்சம் தட்டையாகி அந்த வார்த்தை முடிஞ்சதும் பழையபடி ஏறும். டிரான்ஸ்கிரிப்ட்ட, அதாவது பேச்ச அப்படியே எழுதி வச்சத மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிறவர் என்ன பண்ணுவாரு, வாக்கியம் முடியுற வரைக்கும் மேற்கோள்னு எடுத்துக்குவாரு, அப்ப பேசுனவரோட சொந்தக் கருத்தும் அவர் எதிர்க்கிற ஆளோட வாயில போய் உக்காந்துக்கும். பேச்சாளருக்கும் அநியாயம், எதிராளிக்கும் அநியாயம்.

இதவிடப் பெரிய வம்பு ஒண்ணு இருக்கு, லைக்ங்கிற (மாதிரி) வார்த்தை. இன்னிக்கு அமெரிக்காவுல, கனடாவுல, இங்கிலாந்துல, ஆஸ்திரேலியாவுல நாப்பது வயசுக்குக் கீழ இருக்குறவங்க நடந்த கதையச் சொல்லும்போது அவர் சொன்னார், இவர் சொன்னார்னு பேசுறது கம்மி, ஹி வாஸ் லைக், ஷி வாஸ் லைக், ஐ வாஸ் லைக்னுதான் பேசுறாங்க. ரொனால்ட் பட்டர்ஸ்னு ஒரு மொழியியலாளர் 1982லயே அமெரிக்கன் ஸ்பீச்ங்கிற ஆய்வு இதழ்ல இதக் குறிச்சு வச்சாரு, அப்ப அது கலிஃபோர்னியா இளசுகளோட பேச்சுன்னு கிண்டல் பண்ணிட்டு இருந்தாங்க, அந்த இளசுங்களே இப்ப பாட்டி தாத்தா ஆகுற வயசுக்கு வந்துட்டாங்க, பழக்கம் விடல. இது மேற்கோள் மாதிரியே ஒலிக்கும், அச்சு அசல் பேசுன வார்த்தை மாதிரியே குரல மாத்திச் சொல்லுவாங்க, ஆனா உண்மையில அப்படி ஒரு வார்த்தைய யாரும் பேசியிருக்க வேண்டியதே இல்ல. ஐ வாஸ் லைக், கடவுளே என்னைக் காப்பாத்துன்னு ஒருத்தர் சொன்னா, அவர் வாயத் தொறந்து அப்படிச் சொல்லல, மனசுல அப்படி இருந்துச்சு, அவ்வளவுதான். லைக்குக்கு அப்புறம் ஒரு பெருமூச்சு வரலாம், ஒரு முகபாவனை மட்டும் வரலாம், தோளக் குலுக்கறது வரலாம். என் பேங்க் அக்கவுன்ட் வாஸ் லைக், போதும் விடுப்பான்னு சொல்றவங்களும் இருக்காங்க, பேங்க் அக்கவுன்ட் எங்க பேசுது?

ஹெர்பர்ட் கிளார்க், ரிச்சர்ட் கெரிக்னு ரெண்டு பேர் 1990ல இதப்பத்தி எழுதின கட்டுரை எனக்கு ரொம்பப் பிடிச்சது. மேற்கோள்ங்கிறது அடுத்தவன் சொன்னதப் பத்தி விவரிக்கிறது இல்ல, அவன் சொன்ன விதத்த நடிச்சுக் காட்டுறது அப்படிங்கிறாங்க. நடிச்சுக் காட்டும்போது எல்லாத்தையும் காட்ட மாட்டோம், தேவையானத மட்டும்தான் காட்டுவோம், ஒருத்தரோட கோவத்தக் காட்டணும்னா குரல உயர்த்துவோம், அவர் பேசுன வார்த்தை ஒண்ணு ரெண்டு மாறியிருந்தாலும் கவலைப்பட மாட்டோம். டெபோரா டானன்ங்கிற இன்னொரு ஆய்வாளர் இன்னும் ஒரு படி மேல போய், பேச்சுல வர்ற உரையாடல் பெரும்பாலும் சொல்றவரே கட்டுனதுதான், பதிவு பண்ணி ஒப்பிச்சது இல்லைன்னு காட்டினாங்க. இத மனசுல வச்சுக்கிட்டு ஒரு பேட்டியக் கேட்டுப் பாருங்க, சொல்றவரோட தலை லேசாத் திரும்பும், கண்ணு வேற பக்கம் போகும், குரல் ஒரு படி ஏறும் இல்ல இறங்கும், அடுத்தவரோட உச்சரிப்புகூட வந்து உக்காரும், பேச்சுக்கு முன்னாடி ஒரு குட்டி இடைவெளி விடுவாங்க. இவ்வளவும் சேர்ந்துதான் அந்த மேற்கோள் குறி. குரல ரொம்ப மாத்தி, மூக்கால பேசுற மாதிரி, குழந்தை மாதிரி நடிச்சுட்டாங்கன்னா, மேற்கோளோட சேர்த்து கேலியும் பண்ணியாச்சு.

இப்ப இத ஒரு செய்தியில வச்சுப் பாருங்க. ஒரு பேச்சுக்கு, ஒரு ஃபுட்பால் ப்ளேயர் பாட்காஸ்ட்ல தன்னோட பழைய கோச்சப் பத்திப் பேசும்போது, கோச் வாஸ் லைக், நீ செத்தாலும் எனக்குக் கவலை இல்லைன்னு சொல்றாருன்னு வச்சுக்குவோம். அவர் சொன்னது, கோச் என்னைக் கண்டுக்கவே இல்ல அப்படிங்கிறது. அடுத்த நாள் தமிழ்ல தலைப்பு எப்படி வரும், "நீ செத்தாலும் எனக்குக் கவலை இல்லை": பயிற்சியாளர் கொடூரம். ரெட்டை மேற்கோளோட. அந்தக் கோச் வாழ்க்கையில அப்படி ஒரு வார்த்தையச் சொல்லியிருக்கவே மாட்டாரு. அமெரிக்கக் கோர்ட்டுகள்ல சாட்சி இப்படி லைக் போட்டுப் பேசுனா வக்கீல் உடனே நிறுத்தி, அவர் இதே வார்த்தையத்தான் சொன்னாரா, இல்ல நீங்க அப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்களான்னு கேப்பாரு. கேக்கணும், இல்லன்னா ஒரு ஆளோட தலை போகும். பத்திரிகையில அந்தக் கேள்வியக் கேக்க ஆள் இல்ல, அதனால நாமளே நம்மள கேட்டுக்கணும்.

இதுல நமக்கு ஒரு வசதி இருக்கு, அத யாரும் பயன்படுத்துறதில்லைங்கிறதுதான் என் வருத்தம். தமிழ் பேச்சுல னு போட்டா போதும், சொன்னதா நெனச்சதான்னு பிரிக்க வேண்டிய அவசியமே இல்ல, கோச் எனக்கென்னன்னு இருந்துட்டாரு, மனுஷன் நீ எக்கேடோ கெட்டுப்போன்னு நடந்துக்கிட்டாருன்னு எழுதினா லைக் போட்டுச் சொன்னதோட அளவு அப்படியே வந்துடும், ரெட்டை மேற்கோள் வேண்டாம், கூறினார் வேண்டாம். அதே மாதிரி நல்லவராம், வல்லவராம்னு ஒரு ஆம் சேர்த்தா ஏர் கோட்ஸ் பண்ற வேலையில முக்கால்வாசி நடந்துடும். ஆனா பத்திரிகைத் தமிழ்னாலே தெரிவித்தார், கூறினார், குறிப்பிட்டார், இந்த மூணுக்குள்ள எல்லாரையும் அடைச்சுடுறோம்.

நக்கல் தொனிக்கு வர்றேன். இங்கிலீஷ்ல நக்கலா பேசும்போது குரல் எப்படி மாறுதுன்னு அளந்து பார்த்திருக்காங்க. பட்ரிஷியா ராக்வெல் 2000ல வெளியிட்ட ஆய்வுல, நக்கல் பேச்சு சுருதி தாழ்ந்து, வேகம் குறைஞ்சு, சத்தம் கூடி வருதுன்னு பார்த்தாங்க. ஹென்றி சியாங், மார்க் பெல் ரெண்டு பேரும் கனடாவுல இங்கிலீஷையும் கான்டனீஸ் சீனத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க, 2009ல வெளிவந்துச்சு. நக்கல் பண்ணும்போது இங்கிலீஷ் பேசுறவங்க சுருதிய இறக்குறாங்க, கான்டனீஸ் பேசுறவங்க ஏத்துறாங்க. நேர் எதிர்! அதுக்கப்புறம் தெரியாத பாஷையில நக்கலக் கண்டுபிடிக்கச் சொன்னா ரெண்டு பக்கத்துக்காரங்களும் கிட்டத்தட்ட குருட்டாம்போக்குலதான் பதில் சொன்னாங்க, சொந்த பாஷையில மட்டும் சரியாப் புடிச்சாங்க. இதப் படிச்சப்ப எனக்கு அப்படியே தூக்கி வாரிப் போட்டுச்சு, ஏன்னா நக்கல் எந்த பாஷையா இருந்தாலும் தொனியிலயே தெரிஞ்சிடும்னுதான் நாம எல்லாரும் நம்பிட்டு இருக்கோம். தொனியும் பாஷையோட ஒரு பாகம்தான், பழகணும், படிக்கணும்.

போதாக்குறைக்கு, நக்கலுக்குன்னு ஒரே ஒரு நிலையான தொனி இருக்குதாங்கிறதே சந்தேகம்னு கிரெகரி பிரையன்ட், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ 2005ல எழுதியிருக்காங்க. எனக்கும் வேலையில அப்படித்தான் தெரியுது. அதுவும் பிரிட்டிஷ்காரங்க சில பேர் குரல்ல ஒரு மாத்தமும் இல்லாம, முகத்துல ஒரு சுருக்கமும் இல்லாம, ரொம்ப பிரமாதம்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவாங்க, அங்க தொனியத் தேடுனா ஒண்ணும் கிடைக்காது. ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா இருக்கும் முன்னாடியே இதுக்கு வழி சொல்லி வச்சிருக்காரு, சொல்ற விதத்தப் பாரு, சொல்ற ஆளப் பாரு, சொல்லப்படுற விஷயத்தோட இயல்பப் பாரு, இதுல ஒண்ணு வார்த்தையோட ஒத்துப் போகலைன்னா பேசுனவர் மனசு வேறன்னு தெரிஞ்சுக்கோன்னு. சப்டைட்டில் போடுறவனுக்கு இதவிடப் பெரிய பாடம் கிடையாது.

வழக்கத்துலயே நக்கலாகிப் போன தொடர்களும் இருக்கு. டெல் மீ அபௌட் இட்னு ஒருத்தர் சொன்னா, அதப்பத்தி எனக்குச் சொல்லுன்னு அர்த்தமே இல்ல, எனக்குத் தெரியாததா, நானும் அதத்தானே அனுபவிக்கிறேன்னு அர்த்தம். அத எத்தனை தமிழ் சப்டைட்டில்ல அதப்பற்றிக் கூறுங்கள்னு பார்த்திருக்கேன் தெரியுமா. யா ரைட், பிக் டீல், தாங்க்ஸ் எ லாட், எல்லாம் இதே ஜாதி. கொலம்பியா யுனிவர்சிட்டியில ஜே. எல். ஆஸ்டின்ங்கிற ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவவாதி பேசும்போது, ரெண்டு எதிர்மறை சேர்ந்து ஆமாம்னு ஆகுற பாஷை உண்டு, ரெண்டு ஆமாம் சேர்ந்து இல்லைன்னு ஆகுற பாஷை கிடையாதுன்னு சொன்னாராம், கூட்டத்துல இருந்து சிட்னி மார்கன்பெஸர்ங்கிற பேராசிரியர் யா யான்னு இழுத்தாராம். இத அச்சுல ஆமாம் ஆமாம்னு போட்டா கதையே செத்துப்போச்சு, அந்த இழுப்புதான் கதை. 1990கள் தொடக்கத்துல இந்தச் சங்கடமே வேண்டாம்னு முழு வாக்கியத்தையும் நேராச் சொல்லிட்டு கடைசியில நாட், அதாவது இல்லைன்னு ஒரு வார்த்தைய ஒட்டுற பழக்கம் அமெரிக்காவுல வெடிச்சுப் பரவுச்சு, அமெரிக்கன் டயலக்ட் சொசைட்டி 1992க்கான வார்த்தையா அதத்தான் தேர்ந்தெடுத்துச்சு.

இதுக்கெல்லாம் மேல, நக்கலா சொன்னேன்னு அப்புறமா சொல்லிக்கிறது ஒண்ணு இருக்கு, செய்தி எழுதுறவங்க ரொம்ப உஷாரா இருக்க வேண்டிய இடம் இதுதான். 2020 ஏப்ரல் 23ஆம் தேதி, கொரோனா உச்சத்துல இருந்த நேரம், வெள்ளை மாளிகைக் கூட்டத்துல கிருமிநாசினி ஒரு நிமிஷத்துல வைரஸக் கொல்லுதே, அத உடம்புக்குள்ள ஊசி மாதிரி ஏதாவது செலுத்த முடியுமான்னு ட்ரம்ப் கேட்டாரு. அடுத்த நாள் ஏப்ரல் 24, நிருபர்கள் கேட்டப்ப, நான் உங்கள மாதிரி நிருபர்கள்கிட்ட நக்கலாத்தான் கேட்டேன், என்ன ஆகுதுன்னு பார்க்கன்னு சொல்லிட்டாரு. ரெண்டாவது நாள் செய்திய மட்டும் படிக்கிற வாசகர் என்ன முடிவுக்கு வருவாரு, சரி ஏதோ கிண்டல் போல, பெருசு பண்ணிட்டாங்கன்னு நெனப்பாரு. ஆனா முதல் நாள் வீடியோவுல அவர் நிருபர்களப் பார்த்துப் பேசல, பக்கத்துல இருந்த அரசாங்க அதிகாரியப் பார்த்தும் ஓரமா உக்காந்திருந்த, வெள்ளை மாளிகை கொரோனா குழு ஒருங்கிணைப்பாளர் டாக்டர் டெபோரா பிர்க்ஸ் பக்கமாத் திரும்பியும் பேசுனாரு, குரல்ல இழுப்பு இல்ல, நிறுத்தம் இல்ல, சிரிப்பு இல்ல, விரல் இல்ல, அவர் நக்கல் பண்ணும்போது எப்படி இருப்பாருன்னு உலகத்துக்கே தெரியும், அந்த அடையாளம் ஒண்ணுகூட அங்க இல்ல. இத ரெண்டு வரியில எழுதலாம், யாரப் பார்த்துக் கேட்டாரு, எப்படிக் கேட்டாருன்னு. ட்ரம்ப் பொய் சொன்னாருன்னு பத்திரிகை சொல்லத் தேவையில்ல, பார்த்தத எழுதினா வாசகர் தானா முடிவு பண்ணிக்குவாரு.

எழுத்து மட்டும் வச்சு நக்கலக் கண்டுபிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு 2005ல ஜஸ்டின் க்ரூகர் குழுவினர் சோதிச்சுப் பார்த்தாங்க. அனுப்புறவங்க, நாங்க நக்கல் பண்றமா இல்லையான்னு 100க்கு 78 தடவ எதிராளி சரியாப் புரிஞ்சுக்குவாருன்னு நம்புனாங்க. குரல்ல சொன்னப்ப 73 வந்துச்சு, பரவாயில்ல. ஈமெயில்ல 56தான், பூவா தலையா போட்டாலே 50 வரும்! சும்மா ஒரு ஜாலி ஈமெயிலுக்கே இந்த நிலைமைன்னா, வேற பாஷைக்கு மாத்துன பேச்சு, அதுவும் செய்தி ஏஜென்சி அனுப்புற டிரான்ஸ்கிரிப்ட்ட வச்சு அவசரமா மாத்துன பேச்சு, என்ன ஆகும். இதுக்குத் தனியா ஒரு குறி கண்டுபிடிக்க 1668ல இங்கிலாந்துல ஜான் வில்கின்ஸ் தலைகீழ் ஆச்சரியக்குறிய சொல்லிப் பார்த்தாரு, 1899ல ஃப்ரான்ஸ்ல ஒரு கவிஞர் தலைகீழ்க் கேள்விக்குறி மாதிரி ஒண்ணச் சொல்லிப் பார்த்தாரு, எதுவும் நிக்கல.

அப்ப விரல் காட்டுன வார்த்தைய ஒத்தை மேற்கோள் குறிக்குள்ள போட்டா போதாதான்னு கேக்கலாம். தமிழ் பத்திரிகையில போதாதுங்க. நம்ம தலைப்புகள்ல ஒத்தைக் குறிய நாம வேற வேலைக்குச் செலவு பண்ணிட்டோம். பொதுமக்கள் 'ஷாக்', அணிக்கு 'பூஸ்ட்', அமைச்சருக்கு 'செக்'னு பேச்சு வழக்கு வார்த்தை வந்தாலே குறி போடுறோம், சிலேடைக்குப் போடுறோம், அழுத்தத்துக்குப் போடுறோம், போலி டாக்டரச் சொல்ல 'டாக்டர்'னும் போடுறோம். வாசகருக்குக் குறியப் பார்த்தா சந்தேகம் வராது, தலைப்புல இருக்குற காரம்னுதான் தோணும். மெக்கெய்னோட உடல்நலத்த 'உடல்நலம்'னு போட்டிருந்தா எத்தனை பேருக்கு அவர் விரல் தெரிஞ்சிருக்கும்?

அதனால நான் கேக்குறது, அத வார்த்தையிலயே எழுதிடுங்க. அமெரிக்கக் கோர்ட்டுல பதிவாளர் காதுல விழுற வார்த்தைய மட்டும்தான் டைப் பண்ணுவாரு, சாட்சி கையால எதையாவது காட்டுனா வக்கீல், சாட்சி இப்படிக் காட்டினார்னு பதிவாகட்டும்னு வாய்விட்டுச் சொல்லி ஏத்துவாரு. அதேதான் வேணும். "இரு கை விரல்களையும் மடக்கிக் காட்டியபடி" அப்படின்னு ஒரு அரை வரி. "அந்த வார்த்தையை மட்டும் இழுத்து, நிறுத்திச் சொன்னார்" அப்படின்னு ஒரு வரி. லைக் வந்தா ரெட்டை மேற்கோளத் தூக்கிட்டு னு போட்டு எழுதுறது. கோட் அன்கோட் வந்தா ஆடியோவக் கேட்டு எத்தன வார்த்தை வரைக்கும் போகுதுன்னு பார்த்து அதுக்கு மட்டும் குறி போடுறது.

சைகையையும் தொனியையும் எழுதினா அது நிருபரோட சொந்தக் கருத்து ஆகிடாதான்னு டெஸ்க்ல யாராவது கேக்கலாம், நியாயமான கேள்விதான். கிண்டலாகக் கூறினார், ஏளனமாகச் சொன்னார்னு எழுதினா அது கருத்துதான், அத நான் கேக்கல, அத எழுதவே வேண்டாம்னுகூடச் சொல்லுவேன், ஏன்னா மேல சொன்ன மாதிரி வேற பாஷைக்காரன் தொனிய நம்ம காது தப்பாப் புடிக்க நிறைய வாய்ப்பு இருக்கு. விரல மடக்கினார், குரல இறக்கினார், யாரப் பார்த்துப் பேசினார், கூட்டம் சிரிச்சுதா சிரிக்கலையா, இதெல்லாம் கண்ணுல பார்த்தது காதுல கேட்டது, தேதியும் இடமும் எழுதுற மாதிரிதான் இதுவும்.

இதுக்கு நேரம் எங்க இருக்குன்னு கேட்டா, எல்லாச் செய்திக்கும் வேண்டாம். ஒருத்தர் இன்னொருத்தர் சொன்னதா ஒரு காரமான வாசகத்தச் சொல்லி அதத்தான் நாம தலைப்பாப் போடப்போறோம்னா அதுக்கு மட்டும், அந்த ரெண்டு நிமிஷ வீடியோவ மொழிபெயர்க்கிறவரே கண்ணால பார்த்த பிறகு பக்கத்த அனுப்பினா போதும். வீடியோ கிடைக்கலைன்னா அந்த வாசகத்த தலைப்புல வைக்காம உள்ள இறக்கிடலாம்.

இப்படிக்கு,
சப்டைட்டில் வேலை பார்க்கும் ஒரு வாசகர்,
திருச்சி